பாலிப்பை எடுத்த பிறகு வரும் அறிக்கை

மலத்தில் இரத்தம் தென்பட்டால் நம் ஊரில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மூலம்தான். என் பெரியப்பாவும் அப்படியே முடிவுசெய்துகொண்டு, கருணைக்கிழங்கு லேகியம், துத்திக்கீரை என்று பல மாதங்களை ஓட்டினார். அவருக்கு உண்மையிலேயே மூலமும் இருந்தது என்பதுதான் இதில் சிக்கல். ஒரு காரணம் கையில் அகப்பட்டுவிட்டால் இன்னொன்றைத் தேட எவருக்கும் தோன்றுவதில்லை. சர்க்கரைக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையோடு ஹீமோகுளோபின் இறங்கியிருப்பதையும் கவனித்த மருத்துவர், பெருங்குடலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று, ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்பிவைத்தார்.

குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியே பாலிப். சில காம்புடன் தொங்கும். சில சுவரோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. மலக்குடலில் காணப்படும் ஹைப்பர்பிளாஸ்டிக் என்ற வகையைச் சேர்ந்த சிறிய பாலிப்களால் பொதுவாகத் தொல்லையில்லை. சுரப்பிச் செல்களிலிருந்து வளரும் அடினோமா, ரம்பப் பல் போன்ற அமைப்புள்ள செரேட்டட் ஆகிய வகைகளைத்தான் விட்டுவைக்கக் கூடாது. அடினோமாக்களிலும் ஒரு சிறு பங்கே புற்றுநோயாக மாறுகிறது, அதற்கும் பொதுவாகப் பத்தாண்டுகள் வரை பிடிக்கிறது. அந்த நீண்ட அவகாசத்தில் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும் கொலோனோஸ்கோப்பின் வழியாகவே கம்பிச் சுருக்கைச் செலுத்தி பாலிப்பை அறுத்தெடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். அதுவரை குடலின் மேற்பகுதியில் இருப்பவற்றுக்கு வயிற்றைத் திறப்பதைத் தவிர வேறு வழி அரிதாகவே இருந்தது.

பரிசோதனையைவிட அதற்கான தயாரிப்புதான் பெரியப்பாவைப் படுத்தியது. சில நாள்களுக்கு முன்பே கீரை, கொய்யா, தக்காளி எல்லாம் நிறுத்தப்பட்டன. இரும்புச்சத்து மாத்திரை குடலில் கரிய கசடாக ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும் என்பதால் அதையும் ஒரு வாரம் முன்னதாகவே நிறுத்தச் சொன்னார்கள். பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் நீரில் கரைத்து, முந்தைய மாலையில் பாதியும் மறுநாள் விடியற்காலையில் மீதியுமாகக் குடிக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் கலந்த அந்தச் சுவை மூன்றாவது டம்ளரிலேயே அவருக்குக் குமட்டியது. பெரியம்மா பக்கத்தில் நின்று, மருந்துக்கு இடையிடையே இளநீரைக் கொடுத்துக் குடிக்கவைத்தார். கடைசியில் வெளியேறுவது இளமஞ்சள் நிறத் தெளிந்த நீராக இருந்தால்தான் குடல் தயார் என்று பொருள். இதில் அரைகுறையாக நின்றுவிட்டால், எவ்வளவு தேர்ந்த மருத்துவருக்கும் மடிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு பாலிப் தப்பிப்போகும். குழாயை உள்ளே செலுத்தும்போது அல்ல, வெளியே இழுக்கும்போதுதான் உண்மையான தேடல் நடக்கிறது. அதற்குக் குறைந்தது 6 நிமிடமாவது செலவிட வேண்டும் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவுகோல்; 2024-இல் அமெரிக்க வழிகாட்டுதல் அதை 8 நிமிடமாக உயர்த்தியது.

பெரியப்பாவுக்கு மூன்று பாலிப்கள் இருந்தன. 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்த இரண்டையும் மின்சாரம் பாய்ச்சாமல் வெறும் சுருக்காலேயே அறுத்தார்கள். பெருங்குடலின் இடது பக்கக் கடைசி வளைவில், காம்போடு இருந்த பெரியதை மட்டும் மின்சாரச் சூட்டால் துண்டித்து, அடிக்காம்பில் ஒரு கிளிப்பும் போட்டார்கள். தட்டையாகப் படர்ந்தவையாக இருந்திருந்தால், அடியில் நீலச் சாயம் கலந்த உப்புநீரை ஊசியால் செலுத்தி, பாலிப்பைச் சுவரிலிருந்து உயர்த்திய பிறகே எடுப்பார்களாம். குடல் ஓட்டையாவது அரிது. ஆனால் இரண்டு வாரம் வரைகூட இரத்தம் கசியக்கூடும் என்பதால், அதுவரை தொலைதூரப் பயணம் வேண்டாம் என்றார்கள்.

எடுத்த சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் நிரப்பிய மூன்று சிறு புட்டிகளை என் கையில் கொடுத்து, கீழ்த்தளத்து ஆய்வகத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, குடலில் எந்த இடம் என்று எழுதிய வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. பெரியது, காம்போடு கூடிய சுண்டைக்காய்போல் அடியில் கிடந்தது.

எடுத்தாயிற்று, இனி என்ன என்ற நிம்மதியில் பலர், எடுத்த சதையை ஆய்வகத்தில் சோதித்துத் தரும் அந்த பயாப்ஸி அறிக்கையை வாங்கவே போவதில்லை. என்னைக் கேட்டால், முழுக் கோப்பிலும் மிக முக்கியமான தாள் அதுதான். பெரியப்பாவின் அறிக்கையில் பெரிய பாலிப் 15 மில்லிமீட்டர், டியூபுலோவில்லஸ் அடினோமா (குழாய் வடிவ டியூபுலர் அமைப்பும் விரல்போன்ற வில்லஸ் நீட்சிகளும் கலந்த வகை), செல் மாற்றம் தொடக்க நிலையில், வெட்டிய விளிம்பில் மிச்சம் இல்லை என்று இருந்தது. புற்றுநோய் இல்லை, ஆனாலும் அளவும் வில்லஸ் கூறும் சேர்ந்ததால் மூன்று ஆண்டுகளில் மறுபரிசோதனை. சிறிய டியூபுலர் அடினோமா ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்திருந்தால், 2020-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலின்படி 7 முதல் 10 ஆண்டுகள் வரை காத்திருக்கலாம். அறிக்கை கைக்கு வருமுன்பே "வருடா வருடம் வந்து பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவதும், ஒன்றுமே சொல்லாமல் அனுப்புவதும் எனக்கு ஒரே அளவு பொறுப்பற்றவையாகத் தோன்றுகின்றன. அடுத்த முறை எப்போது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

அந்தத் தாள் பெரியப்பாவோடு நிற்பதுமில்லை. 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள அடினோமா ஒருவருக்கு இருந்தால், அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதிலேயே, அல்லது அவருக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே, பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. என் அப்பா பெரியப்பாவின் தம்பி, வயது 61. மயக்க மருந்து கொடுப்பார்களா என்பதைவிட, அந்த இரண்டு லிட்டரை ஒன்றாகக் குறைப்பார்களா என்பதுதான் இப்போது அவருடைய கேள்வி.