வாளுக்கு முன்னால் வாரிசு முறையை எழுதுங்கள்

பரம்பரை மந்திர வாளை வைத்துத் தமிழில் கதையோ விளையாட்டோ எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சக்தியில்தான் தொடங்குகிறார்கள். வாள் நெருப்புக் கக்கும், பேய் பக்கத்தில் வந்தால் ஒளிரும், கவசத்தைத் துணி மாதிரிக் கிழிக்கும். கடைசியில் "ஏழு தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் இருக்கிறது" என்று ஒரு வரி. நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். வாள் எப்படிக் கைமாறுகிறது என்பதை முதலில் எழுதி முடியுங்கள். சக்தியை அதற்கப்புறம் யோசித்தால் போதும்.

"இந்த வம்சத்து ரத்தம் தொட்டால்தான் வாள் உயிர் பெறும்" என்பது எல்லோரும் எழுதும் விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு மூன்று பிள்ளை என்று வைத்தால் எட்டாம் தலைமுறையில் 6,561 பேர். அத்தனை பேர் தொட்டாலும் வாள் எழும் என்றால் அதில் என்ன விசேஷம்? சரி, ஆண் வாரிசு வழியில் ஒருவருக்கு மட்டும் என்று இறுக்கினால் வேறு சிக்கல். மூன்று பிள்ளையும் பெண்ணாகப் பிறக்க எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டுத் தலைமுறையும் அறுபடாமல் வர 34 சதவீதம்தான் தேறும், மூன்றில் இரண்டு வம்சம் நடுவிலேயே நின்றுவிடும். ஆகவே தகுதி உள்ளவர்களின் வட்டம் பெரிதாக இருக்க வேண்டும், அதற்குள் போகும் வாசல் குறுகலாக இருக்க வேண்டும்.

1996இல் சூப்பர் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் இயந்திரத்தில் வந்த ஃபயர் எம்ப்ளம் ஆட்டம் இதை ரத்தத்தை இரண்டு தரமாகப் பிரித்துச் சமாளித்தது. முழு ரத்தம் உள்ளவர்தான் புனித ஆயுதத்தை ஏந்தலாம். அரை ரத்தத்துக்கு வளர்ச்சியில் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும், ஆயுதம் கிடைக்காது. முதல் பாதியில் யாருக்கும் யாருக்கும் சம்பந்தம் பண்ணி வைக்கிறோமோ, அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளைப் பொறுத்துத்தான் இரண்டாம் பாதியின் படை அமைகிறது. கல்யாணப் பேச்சே போர்த் தந்திரமாகிவிடுகிற ஆட்டம் அது.

நம் பக்கத்தில் இதைவிட நுட்பமான முறை கண்முன்னே இருக்கிறது. மதுரையைச் சுற்றிக் கருப்பசாமி கோயில்களில் சாமியாடி பிடிக்கும் அரிவாள் யாருக்குப் போகும்? வட்டம், பங்காளிகள். வாசல், சாமி யார்மேல் இறங்குகிறது என்பது. மூத்தவன், படித்தவன், பணக்காரன் எதுவும் செல்லாது. இறங்கினது நிஜமா என்று ஊர் சோதிக்கும், ஒளித்து வைத்ததை எடுத்துத் தரச் சொல்லும். சந்தேகம் தீரவில்லை என்றால் பூக்கட்டிப் பார்ப்பார்கள்.

இந்தப் பூக்கட்டுதல் மேசை விளையாட்டுக்கு அப்படியே பொருந்தும், இருபது முகப் பகடையே வேண்டாம். ஒரு வெள்ளைப் பூ, இரண்டு சிவப்புப் பூ, மூன்றையும் ஒரே அளவு காகிதத்தில் மடியுங்கள். ஆட்டத்தில் சேராத ஒருவர் ஒன்றை எடுக்கட்டும். வெள்ளை வந்தால் வாள் சம்மதித்தது, மூன்றில் ஒரு வாய்ப்பு. வாரிசு ஒரு நேர்த்தியை நிறைவேற்றியிருந்தால் இன்னொரு வெள்ளை சேருங்கள், பாதிக்குப் பாதி. இரண்டு நேர்த்தி என்றால் ஐந்தில் மூன்று. வெள்ளைக்கு மதுரை மல்லியை மட்டும் வைத்துவிடாதீர்கள், மடித்த காகிதத்தையும் மீறி வாசனை காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளரளியும் செவ்வரளியும் என்றால் தடவிப் பார்த்தாலும் தெரியாது.

பெண் வாரிசு விஷயத்தில் நம் எழுத்தாளர்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. மதுரையின் மூலக் கதையே மலையத்துவச பாண்டியன் மகள் தடாதகை, அதாவது மீனாட்சி, முடிசூடிய கதை. இன்றைக்கும் சித்திரைத் திருவிழா எட்டாம் நாளில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் செய்து செங்கோல் கொடுக்கிறார்கள். ஆவணி மூலத்தில் அது சுந்தரேசுவரருக்குப் போகிறது. அம்மன் ஆட்சி நான்கு மாதம், சுவாமி ஆட்சி எட்டு மாதம். இப்படி இரண்டு பேருக்குச் சொந்தமான ஒரு வாளை எழுதிப் பாருங்கள். தன் முறை இல்லாத மாதத்தில் எடுத்தால் அது வெறும் இரும்பு. எதிரி எந்த மாதம் படையெடுப்பான் என்பது தானாகவே கதையாகிவிடும்.

கட்டிக்கொடுத்த மகளுக்குப் புகுந்த வீட்டுக் குலதெய்வம்தான். ரத்தம் இருக்கிறது, வட்டத்தில் அவள் இல்லை. இந்த ஒரு இடுக்கிலிருந்தே முழு நாவல் எடுக்கலாம்.

சக்தி எழுதும்போது நடக்கும் பெரிய தவறு, தலைமுறைக்கு ஒன்று என்று தாக்குதல் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் மந்திர வாளுக்கு வழக்கமான உச்சமே +3. எட்டுத் தலைமுறைக்கு +8 கொடுத்தால் எந்த எதிரியும் நிற்கமாட்டான். அதற்குப் பதில் ஒவ்வொரு முன்னோரும் ஒரு வரமும் ஒரு கட்டுப்பாடும் விட்டுப்போகட்டும். கண்மாய் மடை காத்தவர் விட்டது: கரை எங்கே உடையப்போகிறது என்று வாள் அதிரும்; ஆனால் ஏந்துபவர் தண்ணீர் பங்கில் பொய் சொல்லக்கூடாது. ஊர்க்காவல் பார்த்தவர் விட்டது: இருட்டில் காலடி கேட்கும், ஆனால் காவல் ஏற்ற ஊரில் கூரைக்குக் கீழே தூங்கக்கூடாது. ஒரே சமயத்தில் மூன்று வரம்தான் விழித்திருக்கும். எந்த மூன்று என்பதைக் காப்புக் கட்டும்போது தேர்ந்தெடுக்க வேண்டும். காப்பு அவிழும்வரை மாற்றமுடியாது. கட்டுப்பாட்டை மீறினால் அந்த முன்னோர் மட்டும் பேசுவதை நிறுத்திவிடுவார், மற்ற இருவர் இருப்பார்கள். மொத்தச் சக்தியையும் பிடுங்கினால் ஆடுகிறவர் கட்டுப்பாட்டையே வெறுக்க ஆரம்பித்துவிடுவார்.

தீட்டையும் சேருங்கள். அப்பா செத்த அன்றைக்கே மகன் வாளைத் தூக்கிக்கொண்டு பழிவாங்கக் கிளம்புவது நம் மண்ணில் ஒட்டாது. கருமாதி முடியும்வரை, பதினாறு நாள், பங்காளி ஒருவரும் தொடமுடியாது. எதிரிக்கும் அது தெரியும்.

கட்டுப்பாட்டைச் சுமையாகவே கைமாற்றியது வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் கதைகளில் வரும் டிர்ஃபிங் வாள். உறையிலிருந்து எடுத்தால் ஓர் உயிரைக் குடிக்காமல் உள்ளே போகாது. ஹெர்வோர் என்ற மகள் அப்பாவின் புதைமேட்டுக்கே போய், வேண்டாம் என்று எச்சரித்த அப்பாவிடமிருந்து அதை வாங்குகிறாள். பின்னால் அவள் மகன் அதே வாளால் உடன்பிறந்தவனைக் கொல்கிறான்.

ஆரம்பத்திலேயே வாள் கையில் வந்துவிட்டால் வழியில் கிடைக்கும் வேறு எந்த ஆயுதத்துக்கும் மதிப்பில்லை. செல்டா வீடியோ கேம் வரிசையின் 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' இதைச் சரியாகக் கட்டியது. உயிர் அளவைக் காட்டும் இதயம் பதின்மூன்று சேர்க்காமல் மாஸ்டர் வாளை உருவ முடியாது. சாதாரணமாக அதன் பலம் 30, கார்டியன் என்ற எதிரி இயந்திரங்களுக்கு எதிரே 60. தீர்ந்துபோனால் பத்து நிமிடம் ஓய்வு. உடையாது, ஆனால் எப்போதும் கூட வராது.

இரும்பைப் பற்றியும் கொஞ்சம். ஒற்றைக் கை வாளின் எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ. பத்துக் கிலோ வாள் என்று எழுதினால் நாயகன் மூன்றாவது வீச்சில் தோள் இறங்கி நிற்பான். முனையில் எலுமிச்சம்பழம் குத்தி வைத்த அரிவாளைக் கவனியுங்கள், பழம் இருந்த இடம் கறுத்து நுணுக்கமாகப் பொரிந்திருக்கும். புளிப்பு இரும்பைத் தின்கிறது. ஈரச் சந்தனமும் குங்குமமும் அதே வேலையைச் செய்யும். தோல் உறைக்குள் வருடக்கணக்கில் கிடந்தால் இன்னும் மோசம். துடைத்துக் காயவைத்து மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசுக்காகிவிடும். சாணை பிடிக்கப் பிடிக்க அலகு குறுகும், பிடியும் பூணும் பலமுறை மாறியிருக்கும். எட்டுத் தலைமுறை வாள் புத்தம்புதுசாகப் பளபளக்கிறது என்றால் அதற்கு மந்திரக் காரணம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

உடைந்த வாளை இரண்டு துண்டாக வைத்து ஒட்டுவது பட்டறையில் நடக்காது. ஒட்டினாலும் பழைய தோய்ச்சல், அதாவது சூடாக்கித் தோய்த்து ஏற்றிய கடினம், போய்விடும், மூட்டு அடுத்த பலமான வெட்டில் மறுபடி விடும். துண்டுகளை உலையில் சேர்த்து அடித்து, புது அலகாக இழுத்து, மறுபடி தோய்ச்சல் போட வேண்டும். அதே நார்ஸ் கதைகளில் வீரன் சிகுர்டுக்காகக் கொல்லன் ரெகின் செய்த முதல் இரண்டு வாளும் பட்டடைக் கல்லில் மோதி நொறுங்கின. அப்பாவின் வாள் துண்டுகளிலிருந்து அடித்த மூன்றாவதுதான் கல்லைப் பிளந்தது. கதையில் அந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். கொல்லரையும் பங்காளி வட்டத்துக்கு வெளியே இருந்து கொண்டுவாருங்கள். வாளைத் தொட அவருக்கு யார் அனுமதி கொடுத்தது என்ற தகராறு அடுத்த அத்தியாயத்துக்கு ஆகும்.