டிக்கியில் சப்-வூஃபர், கார் முழுக்க லொடலொட: எங்கே கை வைப்பது?

பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான சப்-வூஃபர் ஸ்பீக்கரை மாட்டிய கையோடு பலரும் செய்யும் அடுத்த வேலை, தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒரு பெட்டி வாங்கி வந்து கதவு, டிக்கி, தரை என்று எட்டும் இடத்தில் எல்லாம் ஒட்டுவது. பல ஆயிரம் ரூபாய் செலவாகும், காரின் எடை பத்து கிலோ கூடும், சத்தமோ பாதிதான் குறைந்திருக்கும். ஷீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வேறொரு நோய்க்கான மருந்து.

பேஸ் அடிக்கும்போது வரும் வேண்டாத சத்தம் இரண்டு வகை. ஒன்று, தகடே அதிர்ந்து முனகுவது. கதவின் வெளித்தகடு, கூரை, டிக்கி மூடி போன்ற அகலமான மெல்லிய தகடுகளுக்கு என்று ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. பாட்டில் அந்த அதிர்வெண் வந்ததும் அவை தாமாகவே ஒலிக்கும். மற்றொன்று, அருகருகே இருக்கும் இரண்டு பொருள்கள் மோதிக்கொள்வது. பிளாஸ்டிக்கும் தகடும், ஒயரும் கதவும், நம்பர் பிளேட்டும் டிக்கி மூடியும். டேம்பிங் ஷீட் முதல் வகையைத்தான் அடக்கும். சாதாரணமாக ஒரு காரில் கேட்கும் லொடலொடப்பில் பெரும்பகுதி இரண்டாம் வகை. அதற்கு வேண்டியது முறுக்குவது, இடைவெளியை அடைப்பது, நடுவில் மெத்தென்று ஒன்றை வைப்பது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அதனால் வரிசை முக்கியம்: முதலில் கண்டுபிடி, பிறகு இறுக்கு, பிறகு பிரித்து வை, கடைசியில்தான் ஷீட்.

காருக்குள் எவ்வளவு விசை வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்த வேலையை அலட்சியமாகச் செய்ய மனம் வராது. 120 டெசிபல் என்பது ஏறக்குறைய 20 பாஸ்கல் அழுத்த ஏற்ற இறக்கம். கூரையின் பரப்பு ஒன்றரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 30 நியூட்டன் வருகிறது. அதாவது 40 ஹெர்ட்ஸ் ஒலி ஓடும்போது, மூன்று கிலோ எடைக்குச் சமமான விசை வினாடிக்கு 40 முறை கூரையைத் தள்ளி இழுக்கிறது. 130 டெசிபலில் அது பத்து கிலோவை நெருங்கும். கண்ணாடி ஏற்றிய சின்ன காருக்குள் அதிர்வெண் குறையக் குறைய பேஸ் தானாகவே பெருகும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அமைதியாக இருந்த அதே பாக்ஸ் காரில் எல்லாவற்றையும் ஆட்டுவது இதனால்தான்.

முதலில் பாக்ஸையே சந்தேகியுங்கள்

காரைப் பிரிப்பதற்கு முன் சப்-வூஃபர் பாக்ஸை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதே பாட்டைப் போடுங்கள். சத்தம் அங்கேயும் வந்தால் கார் குற்றவாளி அல்ல. ஸ்பீக்கர் திருகுகள் தளர்ந்திருக்கலாம், பின்னால் ஒயர் மாட்டும் டெர்மினல் கப் ஓரம் காற்று கசியலாம், பாக்ஸின் மூட்டு விட்டிருக்கலாம். ஸ்பீக்கரின் ஆடும் கூம்பான கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் கோன் ஆடும்போது அதன்மேலேயே அடித்தால், அசல் தகரச் சத்தம் போலவே கேட்கும். கசிவைக் கண்டுபிடிக்க, மெதுவான பேஸ் ஓடும்போது மூட்டுகளின் ஓரமாக ஈரக் கையைக் கொண்டுபோங்கள். காற்று சில்லென்று படும்.

ஆம்ப்ளிஃபையரிலும் ஒரு பார்வை வேண்டும். லோ பாஸ் (உயர்ந்த ஒலியை சப்-வூஃபருக்கு விடாத ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கட்டும். பேஸ் பூஸ்ட் என்று ஒரு குமிழ் இருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அது பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரே இடத்தைத்தான் தூக்கும், தகடுகள் ஆடுவதும் அந்தப் பக்கத்தில்தான். போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த பாக்ஸ் என்றால், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் கட்டாயம். பாக்ஸ் எந்த அதிர்வெண்ணுக்கு டியூன் செய்யப்பட்டதோ அதற்குக் கீழே காற்றின் பிடி போய்விடும், கோன் வெறுமனே எக்கி எக்கி அடிக்கும். 35 ஹெர்ட்ஸ் டியூனிங் என்றால் ஃபில்டரை 28–30 ஹெர்ட்ஸில் வையுங்கள். காதுக்கு எதுவும் குறையாது, காரின் உடம்புக்கு நிறைய நிம்மதி. ஆம்ப்ளிஃபையரின் கெயின் குமிழை அளவுக்கு மீறித் திருப்பியதால் வரும் கிழிசல் சத்தத்தையும் பலர் லொடலொட என்று நினைத்துக்கொள்கிறார்கள். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்ததும் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே நேரத்தில் அது மறைந்தால், அது ஆம்ப்ளிஃபையரின் வேலை.

பாக்ஸைத் திரும்ப வைக்கும்போது அடியில் 5 மி.மீ. ஃபோம் விரித்து, எல் கிளாம்ப் போட்டுத் தரையோடு பிடியுங்கள். துளை போடும் முன் கீழே என்ன இருக்கிறது என்று காரின் அடியில் படுத்துப் பார்ப்பது கட்டாயம். பெட்ரோல் டேங்கும் பிரேக் பைப்பும் அந்தப் பக்கம்தான் போகும்.

தேடும் முறை

காரைக் காலி செய்யுங்கள். கதவுப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டு அறையில் கிடக்கும் சில்லறை, கண்ணாடிக் கூடு, டிக்கித் தரைக்கு அடியில் ஜாக்கி, ஸ்பேனர், இழுவைக் கொக்கி எல்லாம் வெளியே. ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கையால் இறுக்குங்கள். ஜாக்கி செட்டைத் திரும்ப வைக்கும்போது பழைய துண்டில் சுற்றி வையுங்கள். இந்தக் கட்டத்திலேயே கணிசமான சத்தம் போய்விடும்.

பிறகு போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போதும். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 120 வரை, வினாடிக்கு ஒரு ஹெர்ட்ஸ் வேகத்தில் ஏற்றுங்கள். வால்யூம் நடுத்தரம், முதலில் எது ஆடுகிறதோ அது தெரிந்தால் போதும். பாட்டில் பேஸ் விட்டு விட்டு வரும், டோன் நிற்காமல் வரும், அதனால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் சூடாகிவிடும். ஒரே அதிர்வெண்ணில் கால் நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். எஞ்சின் ஓடினால் அதன் அதிர்வு குழப்பும், அணைத்தே கேளுங்கள். பேட்டரி இறங்காமல் இருக்கப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சினைச் சற்று ஓட விடுங்கள். கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள்: "38, வலது பின்கதவு. 47, நம்பர் பிளேட். 63, டிக்கி ட்ரே." பின்னால் இந்தப் பட்டியல்தான் கை கொடுக்கும்.

காது இடத்தைத் தவறாகக் காட்டும். டிக்கியில் எழும் சத்தம் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கில் இருந்து வருவது போலத் தோன்றும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் டோனைப் பிடித்து வைத்திருக்க, மற்றவர் ஒவ்வொரு பாகமாக உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கட்டும். அழுத்தியதும் எங்கே நிற்கிறதோ அங்கே குறி. கை நுழையாத இடத்துக்குக் கொத்தனார் பயன்படுத்தும் லெவல் டியூப் அருமையான கருவி: தண்ணீர் இல்லாத வெற்று டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இடுக்குகளில் நகர்த்துங்கள். சந்தேகமான இரண்டு பாகங்களின் நடுவே மாஸ்கிங் டேப் ஒட்டியும் சோதிக்கலாம். கட்டாயம் காருக்கு வெளியேயும் ஒரு சுற்று நடந்து கேளுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்காத சத்தம் தெருவில் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும்.

டிக்கி

பாக்ஸுக்கு மிக அருகில் இருப்பது இது, சத்தமும் இங்கேதான் அதிகம். டிக்கி மூடியின் ஓரத்தில் இரண்டு ரப்பர் குமிழ்கள் இருக்கும். பெரும்பாலான கார்களில் அவை திருகி உயரம் மாற்றக்கூடியவை. மூடி பூட்டிய பின்னும் கையால் அழுத்தினால் ஆடுகிறது என்றால், இரண்டையும் அரைச் சுற்று வெளியே திருப்புங்கள். மூடும்போது லேசாக அழுத்தம் தேவைப்படும் அளவு வந்தால் சரி. ஓங்கி அடித்தால்தான் பூட்டுகிறது என்றால் அதிகம். பூட்டு மாட்டும் யு வடிவக் கம்பியில் துணி டேப் ஒரு சுற்று சுற்றினால் உலோகத்தோடு உலோகம் மோதுவது நிற்கும். அது தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும்.

ஹேட்ச்பேக் பார்சல் ட்ரே தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் முளைகளிலும் ஓரங்களிலும் ஃபெல்ட் டேப் ஒட்டுங்கள். செடானில் கதை வேறு. பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகடு ஓட்டை ஓட்டையாக, மெல்லியதாக இருக்கும். பேஸ் உள்ளே வரும் வழியும் அதுவே. அங்கே ஷீட் ஒட்டுவது உண்மையிலேயே பலன் தரும். மூடியைத் தூக்கிப் பிடிக்கும் இரண்டு முறுக்குக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். அது உடைந்திருந்தால் கம்பிகள் தாளம் போடும். ஃபெல்ட் டேப் சுற்றி, கேபிள் டை போட்டால் முடிந்தது.

நம்பர் பிளேட் அநேகமாக எல்லா காரிலும் பட்டியலில் வரும். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் உடைத்தால் மட்டுமே கழலும் பூட்டில் நிற்பதால், அதைக் கழற்ற முயலாதீர்கள். 5 மி.மீ. ஃபோம் டேப்பைத் துண்டுகளாக வெட்டி, நான்கு மூலைகளிலும் நடுவிலும் பின்பக்கமாகச் சொருகினால் போதும். ஃபோம் கொஞ்சம் நசுங்கி நிற்க வேண்டும், சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை. டெயில் லாம்ப் நட், பின் வைப்பர் கை, மூன்றாவது பிரேக் லைட் மூடி ஆகியவற்றையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

ஹேட்ச்பேக் டிக்கிக் கதவில் ஷீட் ஒட்டுகிறவர்கள் எடையைக் கணக்கில் வைக்க வேண்டும். 2 மி.மீ. பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) டேம்பிங் ஷீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ. கதவைத் தூக்கிப் பிடிக்கும் பழைய கேஸ் ஸ்ட்ரட் இதைத் தாங்காமல் கதவு தலையில் இறங்கும்.

கதவு

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை, தொடவே வேண்டாம். கைப்பிடிக் குழிக்குள்ளும் உள் ஹேண்டிலுக்குப் பின்னும் மறைந்திருக்கும் திருகுகளைக் கழற்றிய பிறகு, கீழ் ஓரத்தில் இருந்து பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்களை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். கடைசியில் டிரிம்மை (கதவின் உள்பக்க பிளாஸ்டிக் மூடியை) மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி ஓரத்தில் இருந்து வரும். கிளிப் சில உடையும். முன்கூட்டியே ஒரு டஜன் வாங்கி வையுங்கள். உடைந்த கிளிப்போடு டிரிம்மைத் திரும்ப மாட்டினால் புது லொடலொட ஆரம்பிக்கும்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிந்துவிட்டு மூடுவது சில கடைகளில் வழக்கம். மழைநீர் கதவுக்குள் வடிவது இயல்பு. அதை உள்ளே வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். அது போனால் கால்மிதி நனைந்து கார் முழுக்க ஊசல் வாடை அடிக்கும். பசையைக் கத்தியால் நீளவாக்கில் அறுத்து, தாளைப் பத்திரப்படுத்தித் திரும்ப ஒட்டுங்கள். பசை போதவில்லை என்றால் பியூட்டைல் கயிறு. புளித்த வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் வேண்டாம், அது தகட்டை அரிக்கும்.

உள்ளே பார்க்க வேண்டியவை: லாக் கம்பிகள், ஹேண்டில் கேபிள், தொங்கும் ஒயர்கள். எல்லாவற்றுக்கும் ஃபெல்ட் டேப். அடுத்தது பலர் கவனிக்காத இடம். மோதல் தாங்கும் இரும்புக் குழாய்க்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே கம்பெனியிலேயே பசைப் பொட்டுகள் வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டு அவை காய்ந்து தகட்டை விட்டு விலகியிருக்கும். அந்த இடைவெளியில் பியூட்டைல் துண்டை லேசாகத் திணித்தால், ஷீட் முழுக்க ஒட்டியும் போகாத நடுங்கல் போகும். வெளியே பெயின்ட் பக்கம் புடைக்கும் அளவுக்குத் திணிக்கக் கூடாது.

இதன் பிறகுதான் ஷீட். வெளித்தகட்டை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். "டங்" என்று நீளும் இடத்தின் நடுவில் ஒட்டினால் போதும். பரப்பில் கால் பங்கு மூடினாலே பலனில் பெரும்பகுதி வந்துவிடும், முழுக்க மூடுவது காசுக்கும் எடைக்கும் கேடு. தகட்டில் துரு தடுக்கும் மெழுகு இருந்தால், ஒட்டும் இடத்தில் மட்டும் டர்பென்டைனால் துடைத்து, மேலே ஐசோப்ரோபைல் ஆல்கஹால். ரோலரால் அழுத்தித் தேயுங்கள், காற்றுக் குமிழி இருக்கும் இடத்தில் டேம்பிங் நடக்காது. ஷீட்டின் அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி வெட்டும், கையுறை போடுங்கள். கதவின் அடி ஓரத்தில் இருக்கும் வடிகால் துளைகளை எதுவும் மூடக் கூடாது. சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். அப்படிப்பட்ட கதவின் உள்தகட்டுத் துளைகளைக் கம்பெனி அமைப்புக்கு மாறாக அடைப்பதோ திறந்து விடுவதோ அதன் வேலையைக் கெடுக்கும். டிரிம்மை மூடும் முன் கண்ணாடியை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள். டிரிம்மின் பின்பக்கம் தகட்டைத் தொடும் இடங்களில் 3 மி.மீ. மூடிய செல் ஃபோம் ஒட்டுங்கள். பஞ்சு போன்ற திறந்த செல் ஃபோம் தண்ணீரைக் குடித்துத் துருவை வளர்க்கும்.

கூரைக்குத் துணியை இறக்க வேண்டும், ஓரங்களில் கர்ட்டன் ஏர்பேக் போகும். அனுபவமுள்ள கடையில் விடுங்கள். டேஷ்போர்டில் பெரும்பாலும் ஏ.சி. வென்ட் ஓரமும் டேஷ்போர்டு அறை மூடியும்தான், ஃபெல்ட் டேப்பில் அடங்கும்.

விலை குறைவு என்று தார் ஷீட் வாங்காதீர்கள். மே மாத வெயிலில் பூட்டி நிற்கும் காரில் அது இளகி வழியும், வாடை போகாது. தகடுகளுக்கு நடுவே உள்ள கூட்டுக்குள் பீய்ச்சும் பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோமும் அதே அளவு கெடுதல்: வடிகாலை அடைக்கும், விரிந்து தகட்டைப் புடைக்க வைக்கும், பின்னால் டிங்கரிங் வேலைக்கு வரும்போது எடுக்கவும் முடியாது.

எல்லாம் முடிந்ததும் பழைய பட்டியலை எடுத்து, அதே வால்யூமில் அதே அதிர்வெண்களைத் திரும்ப ஓட்டுங்கள். சில இடங்கள் மாறியிருக்கும். எடை கூடினால் தகட்டின் அதிர்வெண் கீழே இறங்கும், 52-இல் ஆடியது 45-இல் லேசாக ஆடலாம். எதற்கும் மசியாமல் ஒன்றிரண்டு மிஞ்சினால், வேண்டிய அதிர்வெண்ணைத் தேர்ந்து கூட்டிக் குறைக்க உதவும் பாராமெட்ரிக் ஈக்வலைசரில் அந்த அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக 3 டெசிபல் குறையுங்கள். உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரிவது மட்டும் போகாது. அது முன்கண்ணாடியே ஆடுவதால் வருவது; வால்யூமைக் குறைத்தால்தான் நிற்கும்.