மகனுக்கு ஜாமீன் எடுத்த 19 நாட்கள்

எங்கள் அப்பா திருவாரூர் பக்கம் குத்தகைக்கு உழுதவர். நான் உரக்கடை வைத்து ஒரு வேலி நிலம், அதாவது ஆறரை ஏக்கருக்கு மேல், வாங்கினேன், மகன் கிண்டியில் பொறியியல் முடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். ஊரில் யார் பிள்ளைக்குப் புத்தி சொன்னாலும் அவன் பெயரைத்தான் இழுப்பார்கள். அந்தப் பிள்ளை 2017-ல், கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து டெல்டாவே கொதித்த நேரத்தில், வேலையை விட்டுவிட்டு வந்து ஊர் ஊராகத் துண்டறிக்கை கொடுத்தான். சாப்பிட உட்கார்ந்தால் கீழ்வெண்மணிதான் பேச்சு. 1968-ல் கூலி கேட்டதற்காகக் குடிசையோடு 44 பேரை எரித்தார்களே, அந்தக் கூலிச் சண்டையில் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பான். பதில் தெரிந்தும் கத்தி அடக்கிவிடுவேன்.

ஒரு மறியலில் பிடித்துக்கொண்டு போனார்கள். அரசு ஊழியரைத் தடுத்ததாக அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 353-வது பிரிவைப் போட்டிருந்தார்கள், அது ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விடக்கூடிய பிரிவு இல்லை, கோர்ட்டுதான் கொடுக்க வேண்டும். 15 நாள் ரிமாண்ட், திருச்சி மத்திய சிறை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு தள்ளுபடி, அப்புறம் செஷன்ஸ் கோர்ட்டில் கிடைத்தது.

உத்தரவு வந்தால் பிள்ளை வந்துவிடுவான் என்று நினைத்தேன். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களுக்குச் சொத்து மதிப்புச் சான்று வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ., தாசில்தார் என்று அலைய வேண்டும். தயவுசெய்து மனு போடும் அன்றைக்கே ஆள் பேசி வையுங்கள். என் சொந்த மச்சினன், "பொண்ணுக்கு வரன் பாக்குறேன் அத்தான், கோர்ட்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். அவன் கல்யாணத்தை நடத்தி வைத்தவன் நான்.

ராத்திரி வாசலில் வந்து நின்றது எங்கள் வயலில் நடவு நட்ட அம்மா. "தம்பிக்கு நான் போடுறேங்கய்யா." அவருக்கு இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கர்கூட வராது, இருந்தது, தன் அண்ணன் மகனையும் கூட்டி வந்திருந்தார். கோர்ட்டில் கட்டைவிரலுக்கு மை நீட்டினார்கள். வேண்டாமென்று பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்துக்கொண்டே தன் பெயரை எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை கைதிகளை அறையில் அடைப்பதற்கு முன் உத்தரவு சிறைக்குப் போய்ச் சேராததால் இன்னொரு நாள் போனது.

வெளியே வந்தவன் இளைத்திருந்தான். முப்பது நாள் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, வண்டியில் நான்தான் கூட்டிப்போனேன். ஒருநாள் போகும் வழியில் நானே சொன்னேன், அந்தக் கூலிச் சண்டையில் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து கதிர் அறுத்தவர்களில் உன் தாத்தாவும் ஒருத்தர் என்று. பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.