எல்லை நடையில் பிள்ளைகள்

பழங்குடிப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பள்ளி, சத்துணவு, சாதிச் சான்றிதழ் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. நில உரிமை வேறொரு கோப்பில் கிடக்கிறது. வன உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுத உதவியாகச் சில மலைக்கிராமங்களுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு, இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே தவறு என்ற எண்ணம் எனக்கு வலுத்துவிட்டது.

2006ஆம் ஆண்டுச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. அதைவிடப் பெரிது, சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் காட்டைக் காக்கவும் ஊர் முழுவதற்கும் அது தரும் பொது உரிமை, அதாவது சமூக வன உரிமை. இதற்கான சான்றுகளை அரசு ஆவணங்களோடு நிறுத்தாமல், பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவற்றையும், மனுதாரர் அல்லாத பெரியவர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலத்தையும் விதிகள் ஏற்கின்றன. மொத்தத்தில் இரண்டு சான்றுகளாவது வேண்டும்.

அத்தகைய வாக்குமூலம் ஒன்றை எழுத உட்கார்ந்தால் சட்டத்தின் அருமை விளங்கும். சர்வே எண் கேட்டால் பெரியவர் உதட்டைப் பிதுக்குவார். எந்தப் பாறையில் தேனடை கட்டும், எந்த ஓடை சித்திரையிலும் வற்றாது, யாருடைய பாட்டனுக்கு எந்த மேட்டில் கல் நட்டிருக்கிறது என்று கேட்டாலோ, எழுதுகிறவனின் கை வலிக்கும்வரை சொல்லிக்கொண்டே போவார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருவரிடம் கேட்டேன். "ஆடு ஓட்டிக்கிட்டுப் போகையில அப்பன் காட்டுனதுதான், சார்" என்றார். அந்தப் படிவத்தில் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அவர் பத்து வயதுக்குள் நடந்து கற்றது.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர் செய்ததும் இதன் விரிவுதான். தெய்வங்கள் இருக்கும் இடங்கள், மாரம்மன் இடங்கள், ஊற்றுகள், முன்னோர் நினைவாகக் கல் நட்ட இடங்கள் என ஒவ்வொன்றாகப் பெரியவர்கள் நடந்து காட்ட, ஜிபிஎஸ் கருவியால் குறித்து மலையின் வரைபடத்தை அவர்களே உருவாக்கினார்கள். அம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே 2011இல், காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமையையும் பெற்றார்கள்.

கனடாவின் பூர்வகுடிகளான கிட்க்சன், வெட்சுவெட்டன் மக்கள் தங்கள் நிலத்துக்காகத் தொடுத்த வழக்கில், மேரி ஜான்சன் என்ற மூதாட்டி தம் குலத்தின் பாட்டைச் சாட்சியாகப் பாட முன்வந்தபோது, தமக்கு இசை கேட்கும் காது இல்லை என்றார் நீதிபதி. 1991இல் தீர்ப்பு அம்மக்களுக்கு எதிராக வந்தது. 1997இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வாய்மொழி வரலாற்றுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று கூறி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அதே நாட்டில்தான் நூறாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்காக அங்கே அடிவாங்கியவர்கள் ஏராளம். நிலத்துக்குச் சான்றாக நிற்கக்கூடிய பாட்டைப் பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கியபின் அதே நிலத்துக்குச் சான்று கேட்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு!

நம் ஊர் உண்டு உறைவிடப் பள்ளிகளை அவற்றோடு ஒப்பிட்டால் அநியாயம். பெற்றோர் விரும்பித்தான் சேர்க்கிறார்கள். மூன்று வேளைச் சோறும் படிப்பும் அற்பமானவை அல்ல. படிப்பறிவில்லாமல் நிலம் இழந்த கதைகளைக் கேட்டவன் எவனும் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று எழுதமாட்டான், நானும் எழுதவில்லை. ஆனால் விடுதியில் வளரும் பிள்ளைக்குத் தன் பூட்டனின் கல் இருக்கும் இடத்தை யார் காட்டுவது என்ற கேள்வி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒன்றினால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அந்த இடைவெளியில் வாக்குமூலம் சொல்லாமலே போய்ச் சேர்ந்த பெரியவர்கள் எத்தனை பேர்!

கிராம சபையில் 18 வயது நிரம்பாதவர்க்கு வாக்கில்லை. எல்லையை நடந்து பார்க்க வயது வரம்பு ஏதும் இல்லை. நான் போய்வரும் ஊர் ஒன்றில், சமூக உரிமை மனுவுக்கான எல்லை நடையை மே மாத விடுமுறையில் வைத்துக்கொள்வதென்று வன உரிமைக் குழு முடிவெடுத்திருக்கிறது. தேன் எடுக்கும் பருவமும் அதுவே என்பதால் பாறைகளையும் சேர்த்தே காட்டிவிடலாம் என்பது பெரியவர்களின் கணக்கு. படம் வரைந்து பெயர் எழுதும் வேலை விடுதியிலிருந்து வரும் பிள்ளைகளுடையது, ஏனென்றால் ஊரில் தடையின்றி எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அதிகாரிகள் வந்து பார்க்கும் புலத்தணிக்கை மட்டும் எப்போதும் வேலை நாளிலேயே வருகிறது. இம்முறை ஒரு சனிக்கிழமை தரும்படி ஊரார் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார்கள்.