காலி பிக்கப்பும் பனிச் சாலையும்

பிக்கப் என்றாலே பனிக்கு அஞ்சாத வண்டி என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. உயரமாக நிற்கிறது, டயர் பெரிதாக இருக்கிறது, பக்கவாட்டில் 4×4 (நான்கு சக்கரமும் இழுக்கும்) என்று ஒட்டியிருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று கேட்பார்கள். வடக்கு ஒன்டாரியோவில், சட்பரி பக்கம் ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பின்னால் சுமை இல்லாத பிக்கப் பனியில் ஒரு சாதாரண முன்சக்கர இழுவைக் காரைவிட மோசமாகத்தான் நடந்துகொள்ளும். டொரோன்டோவிலிருந்து வேலைக்காக இந்தப் பக்கம் குடிவருகிற நம் ஆட்கள் சிலர் முதலில் வாங்குவதே பிக்கப்பாக இருப்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

காரணம் எளிமையானது. இன்ஜின், கியர்பாக்ஸ், ஆட்கள் உட்காரும் கேபின் எல்லாமே முன்பக்கம். காலி வண்டியின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன் அச்சில்தான் நிற்கிறது. ஆனால் தள்ளுவது பின்சக்கரங்கள். அவற்றின் மேல் எடையே இல்லை, அதோடு பின் ஸ்பிரிங் சுமை தாங்குவதற்காகக் கெட்டியாகச் செய்தது என்பதால் மேடுபள்ளத்தில் பின்பக்கம் துள்ளும், துள்ளுகிற நேரத்தில் பிடிப்பு இன்னும் குறையும்.

டயருக்குக் கிடைக்கிற பிடிப்பு இரண்டே விஷயங்களால் வருகிறது: ரப்பருக்கும் தரைக்கும் நடுவே உள்ள உராய்வு, அந்த டயரின் மேல் அழுத்துகிற எடை. உராய்வைக் கூட்ட நல்ல டயர் வேண்டும், எடையைக் கூட்ட பின்னால் மணல் மூட்டை வேண்டும். 4×4, டிஃப்ரன்ஷியல் லாக்கர் (ஒரே அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுவது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுப்பது) எல்லாம் இருக்கிற பிடிப்பைச் சக்கரங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறவைதான், புதிதாக ஒரு துளி பிடிப்பையும் அவை உண்டாக்குவதில்லை. இது மனதில் பதிந்துவிட்டால் பணத்தை எங்கே போடுவது என்ற குழப்பம் போய்விடும்.

முதல் செலவு டயர். ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே சாதாரண டயரின் ரப்பர் இறுக ஆரம்பிக்கிறது, மைனஸ் இருபதில் அது பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும்படி செய்தது, தரையைத் தொடும் அதன் ரப்பர் கட்டைகளில் மெல்லிய கீறல்கள் நிறைய வெட்டியிருப்பார்கள், ஐஸைப் பிடிப்பது அந்த விளிம்புகள்தான். டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். 1999-இல் வந்த சின்னம் அது, இறுகிய பனியில் சோதித்துத் தேறினால்தான் போட முடியும். வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து டயரின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, அதற்குப் பின்னால் எந்தச் சோதனையும் இல்லை. ஆனால் மலைச் சின்னத்துக்கான சோதனையும் பனியில் வண்டி எவ்வளவு நன்றாகக் கிளம்புகிறது என்பதைத்தான் அளக்கிறது. ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது அதில் வராது. அதனால் மலைச் சின்னம் உள்ள ஆல்-டெரெய்ன் (எல்லாத் தரைக்குமான) டயரும், நோக்கியான் ஹக்கபெலிட்டா, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக் போல முழுக்கக் குளிர்காலத்துக்கென்றே செய்த டயரும் ஒன்றல்ல. தினமும் ஹைவேயில் ஓடுகிறவர் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, முரட்டுத்தனமாகத் தெரிகிற மட்-டெரெய்ன் (சேற்றுக்கான) டயரை நம்பாதீர்கள். ஆழமான பனியைக் கிளறிக்கொண்டு போகும், சரி, ஆனால் அதன் பெரிய பெரிய கட்டைகளில் கீறல் குறைவு, ஐஸில் வழுக்கிக்கொண்டே போகும். அகலமான டயரும் அப்படித்தான். ஒடுங்கிய டயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும், அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். உங்கள் வண்டி இருபது அங்குல ரிம்மோடு வந்திருந்தால், பிரேக்குக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பதினெட்டு அல்லது பதினேழு அங்குல இரும்பு ரிம்மில் ஒடுங்கிய குளிர்கால டயரைத் தனி செட்டாக வைத்துக்கொள்வது நல்லது. செலவும் குறையும், உப்பு தின்னுவது நல்ல ரிம்மையாக இருக்காது. பின்னால் மட்டும் இரண்டு போடலாமா என்று கேட்கவே வேண்டாம், நான்கும் போட வேண்டும். வண்டியைத் திருப்புவதும், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கும் முன்சக்கரங்களுடையது.

உலகின் முதல் குளிர்கால டயர் 1934-இல் பின்லாந்தில் லாரிகளுக்காகத்தான் செய்யப்பட்டது, கார்களுக்கானது இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. பின்னால் இருந்து தள்ளுகிற வண்டிக்கு இந்தப் பிரச்சினை எவ்வளவு பழையது என்பதற்காகச் சொல்கிறேன்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் குளிர்கால டயர் போட்டால் காப்பீட்டில் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்குங்கள். டயரின் பள்ளம் நான்கு மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் பனியில் அதை ஓட்டாதீர்கள், சட்டம் அதைவிடத் தேய்ந்ததையும் அனுமதிக்கும், பனி அனுமதிக்காது.

காற்றழுத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை. வெப்பநிலை ஐந்தரை டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) குறையும். இருபது டிகிரி கராஜில் காற்று நிரப்பிவிட்டு மைனஸ் இருபத்தைந்தில் வெளியே நிறுத்தினால் எட்டு பிஎஸ்ஐ போய்விட்டது என்று அர்த்தம். குளிரில் நின்ற வண்டியில், கிளம்புவதற்கு முன், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். காற்றை இறக்கினால் பனியில் பிடிப்பு வரும் என்று சொல்வது மணல்வெளியில் மெதுவாக ஊர்கிறவர்களுக்கான யோசனை, ஹைவேக்கு ஆகாது.

அடுத்தது எடை. ஹார்டுவேர் கடைகளில் முப்பது கிலோ அளவில் நீளமான மணல் மூட்டை கிடைக்கும். நான்கிலிருந்து ஆறு வரை போதும், வண்டியின் சுமை வரம்புக்குள் இருக்க வேண்டும், ஆட்களின் எடையும் அந்த வரம்பில் சேரும். எங்கே வைக்கிறீர்கள் என்பது எத்தனை வைக்கிறீர்கள் என்பதைவிட முக்கியம். பின் அச்சுக்கு நேர் மேலே, இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவில் வையுங்கள், கொஞ்சம் கேபின் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. டெயில்கேட் ஓரம் வைத்தால் பின் அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளி மாதிரி ஆகி முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டீயரிங் லேசாகி வளைவில் நேராகப் போகும். மூட்டைகள் நகராதபடி இரண்டுக்கு நாலு மரச்சட்டத்தில் ஒரு சட்டகம் அடித்து மேடுகளுக்கு நடுவில் இறுக்கி, மேலே பட்டையும் கட்ட வேண்டும். மோதலில் கட்டாத மூட்டை கேபினுக்குள் வந்துவிடும், ஈரமான மணலோ உறைந்து கல்லாகிவிடும், அதனால் காய்ந்த மணலாகப் பார்த்து வாங்கி, நனையாமல் மூடி வையுங்கள். பின்னால் உள்ள திறந்த தொட்டியில் விழுந்த பனியையே எடையாக வைத்துக்கொள்ளலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன், அது சறுக்கும், பின்னால் வருகிறவர் கண்ணாடியில் பறந்து விழும்.

எடை போட்டதும் வண்டி நன்றாகக் கிளம்புகிறதே என்று வேகமாகப் போகக் கூடாது. எடை கூடினால் பிடிப்பு கூடுகிறது, ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடுகிறது. நிற்கிற தூரம் குறையாது.

4×4 விஷயமும் இதேதான். கிளம்புவதற்கும் மேடேறுவதற்கும் அதற்கு ஈடில்லை, பனி தள்ளாத வீட்டுப் பாதையில் அது இல்லாமல் முடியாது. ஆனால் பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது, ஆக நிறுத்தும்போது 4×4-க்கு எந்தச் சலுகையும் இல்லை. ஹைவே 17-இல் பள்ளத்துக்குள் கிடக்கிற வண்டிகளில் 4×4 பிக்கப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், சுலபமாகக் கிளம்பியதால் சாலை நன்றாக இருக்கிறது என்று நம்பியிருப்பார்கள். அப்புறம், தேவைப்படும்போது மட்டும் போடுகிற சாதாரண பார்ட்-டைம் 4×4-ஐ ‘ஃபோர் ஹை’ (வேகமாக ஓட்டுவதற்கான நான்கு சக்கர இழுவை) நிலையில் போட்டுக் காய்ந்த தாரில் ஓட்டாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும், திரும்பும்போது அவை வேறு வேறு தூரம் போக வேண்டும், காய்ந்த சாலையில் நழுவ வழியில்லாமல் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். கொஞ்ச தூரம் காய்ந்தும் கொஞ்ச தூரம் பனியுமாக இருக்கிற நம் சாலைகளுக்கு தேவைக்கேற்பத் தானே நான்கு சக்கரத்துக்கு மாறுகிற ‘ஆட்டோ’ நிலை உள்ள வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். லாக்கர் இருந்தால் சிக்கிக்கொண்ட இடத்திலிருந்து வெளியேற மட்டும் பயன்படுத்துங்கள், ஐஸில் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுழன்றால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் வந்துவிடும்.

மைனஸ் இருபதைவிட பூஜ்யத்தை ஒட்டிய நாட்கள்தான் ஆபத்தானவை, ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். நவம்பர் கடைசியையும் மார்ச்சையும் ஜனவரியைவிட மதியுங்கள். குரூஸ் கன்ட்ரோலை அணைத்து வையுங்கள்.

தொட்டியில் மண்வாரி, இழுவைப் பட்டை, சக்கரத்துக்கு அடியில் வைக்கிற பிளாஸ்டிக் பலகை இருக்கட்டும், மூட்டையைக் கிழித்தால் மணலும் இருக்கிறது. சிக்கிக்கொண்டால் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், அதை அணைக்காவிட்டால் இன்ஜின் சக்தியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். வெளியே வர முடியாமல் இன்ஜினை ஓடவிட்டு உட்கார வேண்டி வந்தால் முதலில் புகைக்குழாயைச் சுற்றிய பனியை எடுத்துவிடுங்கள், அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே தெரியாது.

பழைய பின்சக்கர இழுவை பிக்கப் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: நகரத்துக்குள், தினமும் பனி தள்ளுகிற தெருவில் இருந்தால் வாங்கலாம், மிச்சமாகிற பணத்தில் நான்கு நல்ல குளிர்கால டயரும் மணலும் வாங்கி அக்டோபரிலேயே போட்டுவிடுங்கள். வீடு ஊருக்கு வெளியே மேட்டில் இருந்தால் வேண்டாம்.