எட்டு ஓட்டை லேப்டாப்பும் பாலாடா உறைபனியும்

போன வருஷ குளிர்ல மாமா தோட்டத்துல முளைச்சு நின்ன உருளைக்கிழங்கு ஒரே ராத்திரியில கருகிப் போச்சு, காலையில போய் பாத்தா இலையெல்லாம் வெந்நி ஊத்தின மாதிரி கறுத்து தொங்குது. ஊட்டி பக்கத்துல கேத்தி பாலாடாவுல நல்ல பள்ளத்துல இருக்கிற தோட்டம் அது. காத்து அசையாம வானம் தெளிஞ்சு இருக்கிற ராத்திரியில குளிர்காத்து சரிவுல தண்ணி மாதிரி இறங்கி வந்து அங்கதான் தேங்கும், மேட்டுல வீட்டு வாசல்ல ஒண்ணுமே தெரியாது, கீழ எட்டிப் பாத்தா உப்பு கொட்டின மாதிரி வெள்ளையா கிடக்கும். நேரத்தோட ஸ்பிரிங்க்ளர் ஓட விட்டா கொஞ்சம் தப்பிக்கும். ஆனா அதுக்கு ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு டார்ச் அடிச்சிட்டு போய் புல்லைத் தொட்டுப் பாக்கணும், மாமாவுக்கு முட்டி வலி வேற.

சரி, தோட்டத்துல ஒரு சென்சார், வீட்ல ஒரு லேப்டாப், 3 டிகிரிக்கு கீழ போனா அலாரம் அடிக்கட்டும்னு ஆரம்பிச்சதுதான் இது. ரெண்டு நாள் வேலைன்னு நெனச்சேன், ஒன்றரை மாசம் இழுத்துச்சு. சென்சார்ல பெருசா பிரச்சனையே இல்ல, எல்லா கூத்தும் லேப்டாப்போட ஓட்டைங்கள்லதான். போர்ட்டுக்கு எங்க அத்தை வச்ச பேரு ஓட்டை. "இந்த ஓட்டையா அந்த ஓட்டையாடா"ன்னு கேட்டு கேட்டு எனக்கும் அதே வாயில ஒட்டிக்கிச்சு.

லேப்டாப் கோயம்புத்தூர்ல ஒரு செகண்ட்ஸ் கடையில வாங்கினது, ஏதோ ஆபீஸ்ல இருந்து கழிச்சுவிட்ட ஆறாவது ஜெனரேஷன் ஐ5. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது, விண்டோஸ் 11 போடணும்னா எட்டாவது ஜெனரேஷன் வேணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும், அதனால இந்த மாதிரி மெஷின் எல்லாம் சல்லிசா கிடைக்குது. விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போடப்போறேன்னு வாய விட்டதும் கடைக்காரர் சிரிச்சாரு. "ஏனுங்க தம்பி, அதுல போர்ட்டெல்லாம் ஒழுங்கா எடுக்காதுங்க, அப்பறம் வேலை செய்யலைன்னு எங்கிட்ட கொண்டாந்து நீட்டாதீங்க." அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஏறிடுச்சு. சார்ஜர் போக மொத்தம் எட்டு ஓட்டை: சாதா யூஎஸ்பி மூணு, டைப் சி ஒண்ணு, ஹெச்டிஎம்ஐ, லேன், எஸ்டி கார்டு, ஹெட்ஃபோன். எட்டையும் வேலை செய்ய வச்சு காட்டறேன்னு மனசுக்குள்ள சபதம்.

பென்டிரைவ்ல ஏற்கனவே உபுண்டுங்கற லினக்ஸோட 22.04 வெர்ஷன் கிடந்தது, புதுசு 24.04 ஐஞ்சு ஜிபிக்கு மேல, மழையில எங்க ஊர் நெட்ல அதை எறக்கறதுக்கு நடந்து ஊட்டிக்குப் போயிட்டு வந்துடலாம், அதனால பழசே போதும்னு விட்டேன். இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி லைவ்ல, அதாவது பென்டிரைவ்ல இருந்தே ஓட்டி ஒவ்வொரு ஓட்டையா டெஸ்ட் பண்ணேன், இது எல்லாரும் செய்ய வேண்டிய வேலை, ஒரு மணி நேரம்தான் ஆகும். லேன் சொருகின உடனே எடுத்துச்சு. ஹெச்டிஎம்ஐல டிவி வந்துச்சு, இதுல தனி கிராபிக்ஸ் கார்டு இல்ல, இன்டெல் மட்டும்தான், அதனால வம்பு இல்ல. என்விடியா கார்டு வழியா ஹெச்டிஎம்ஐ போற லேப்டாப்பா இருந்தா டிரைவர், செக்யூர் பூட்னு அது ஒரு தனி புராணம். எஸ்டி கார்டு 64 ஜிபி, எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மட், அதுவும் தானா திறந்துச்சு, லினக்ஸோட உள்கருவான கெர்னல் 5.7ல இருந்து புது எக்ஸ்ஃபேட் டிரைவர் உள்ளயே வருது. ஹெட்ஃபோன்ல பாட்டு கேக்குது, ஆனா அந்த ஹெட்செட்டோட மைக் மட்டும் தெரியல. சவுண்ட் டிரைவருக்கு மாடல்=ஹெட்செட்-மோட்னு மோட்ப்ரோப்ங்கற டிரைவர் செட்டிங் ஃபைல்ல ஒரு வரி சேத்து ரீஸ்டார்ட் பண்ணதும் வந்துடுச்சு.

டைப் சிலதான் முதல் அடி. அதுல இருந்து ஹெச்டிஎம்ஐ எடுக்கிற அடாப்டர் ஒண்ணு குன்னூர்ல இருக்கிற சிநேகிதன் கிட்ட வாங்கி சொருகினா டிவியில ஒண்ணும் வரல. கெர்னல் மாத்திப் பாத்தேன், ரெண்டு ராத்திரி போச்சு. கடைசியில லேப்டாப்போட மேனுவலைத் தேடிப் படிச்சா, அந்த ஓட்டையில டேட்டா மட்டும்தான், வீடியோ அனுப்பற டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோடே கிடையாது, சார்ஜும் ஏறாது. டைப் சிங்கறது வெறும் ஓட்டையோட வடிவம், உள்ள வீடியோ, சார்ஜ், தண்டர்போல்ட்ங்கற அதிவேக இணைப்பு எல்லாம் கம்பெனிக்காரன் வயர் இழுத்திருந்தாதான் உண்டு. ஓட்டை பக்கத்துல பொறிச்சிருக்கிற குறியைப் பாத்தாலே பாதி தெரிஞ்சிரும்: டி, பி ரெண்டும் சேந்த மாதிரி ஒரு குறி இருந்தா வீடியோ, மின்னல் குறி இருந்தா தண்டர்போல்ட். என்னோடதுல வெறும் யூஎஸ்பி சூலாயுதம். விண்டோஸ் போட்டாலும் வராது. ரெண்டு ராத்திரி லினக்ஸைத் திட்டினதுதான் மிச்சம்.

அடுத்தது இடது பக்க யூஎஸ்பி. நீலக்கலர் நாக்கு இருக்கிற ஓட்டை, அப்படின்னா யூஎஸ்பி 3. ஆனா அதுல பென்டிரைவ் போட்டா காப்பி ஆமை மாதிரி போகுது, வலது பக்கம் போட்டா பறக்குது. டெர்மினல்ல எல்எஸ்யூஎஸ்பிங்கற கட்டளையை மரம் மாதிரி காட்டச் சொன்னா ஒவ்வொரு சாமானும் என்ன வேகத்துல பேசுதுன்னு கடைசியில எழுதியிருக்கும். வலது பக்கம் 5000எம், அதாவது செகண்டுக்கு 5000 மெகாபிட், இடது பக்கம் அதே பென்டிரைவ் 480எம். அதாவது யூஎஸ்பி 2 வேகத்துக்கு எறங்கிடுச்சு. மெதுவா சொருகினாலும் சில சமயம் இப்படி ஆகும்னு சொல்வாங்க, சடக்குனு சொருகிப் பாத்தேன், அதே 480.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் நல்ல வெயில், லேப்டாப்பைத் திண்ணைக்கு எடுத்துட்டு வந்து ஓட்டையைச் சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தேன். யூஎஸ்பி 3ல மொத்தம் ஒம்பது காண்டாக்ட். பழைய நாலு உள்ள தள்ளி இருக்கு, வேகத்துக்கான அஞ்சு சின்னச் சின்ன பட்டையா நாக்கோட நுனியில, வாய்க்கு பக்கத்துல. அந்த அஞ்சுலயும் லேசா பச்சை பூத்திருக்கு, பழைய செப்பு குண்டா ஓரத்துல பூக்குமே அதே பச்சை. உள்ள நாலும் பளபளன்னு இருக்கு. டிரைவரும் இல்ல கெர்னலும் இல்ல, ஈரம். எங்க ஊர்ல சாமானுக்கு பகையே இந்த மஞ்சுதான், கேமரா லென்ஸ்ல பூசணம் பிடிக்கும், ஷூவுல பிடிக்கும், ஓட்டையை மட்டும் விட்டு வைக்குமா. பேட்டரியைக் கழட்டிட்டு பல்குச்சியில மெல்லிசு துணி சுத்தி ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல தொட்டு தொட்டு தேய்ச்சேன். கொஞ்சம் போச்சு. 5000 ஒரு தடவை வருது, அடுத்த தடவை 480. சரி இருக்கட்டும், இந்த ஓட்டைக்கு வேற வேலை இருக்குன்னு விட்டுட்டேன்.

வேற வேலைன்னா ஆர்டுயினோ, சென்சாரைப் படிச்சு லேப்டாப்புக்கு அனுப்பற குட்டி போர்டு. ஒரிஜினல் இல்ல, யூஎஸ்பி கன்வெர்ட்டரா சிஹெச்340 சிப் போட்ட மலிவு நேனோ மாடல். அது 12எம் வேகத்துக்கு மேல பேசவே பேசாது, பழைய நாலு காண்டாக்ட் நல்லா இருந்தா அதுக்கு போதும். டிரைவர் கெர்னல்லயே இருக்கு, தேடி எறக்க வேண்டியதில்ல. சொருகினேன், லைட் எரியுது, ஆனா லினக்ஸ் அதுக்கு கொடுக்க வேண்டிய டிடிஒய்யுஎஸ்பி0ங்கற பேரு இல்லவே இல்ல. மொதல்ல கேபிள் மேல சந்தேகம், பழைய ஸ்பீக்கரோட சார்ஜ் கேபிள் அது, உள்ள டேட்டா வயரே கிடையாது, வேற மாத்தினேன். அப்பவும் இல்ல. கெர்னல் எழுதற லாக்கை டிமெஸ்க்ல ஓட விட்டு பாத்தா வேடிக்கையா இருக்கு: கன்வெர்ட்டர் டிடிஒய்யுஎஸ்பி0ல சேந்துச்சுன்னு ஒரு வரி, உடனே பிஆர்எல்டிடிஒய்னு ஒருத்தன் குறுக்க வர்றான், அடுத்த வரியில கன்வெர்ட்டர் கழண்டுடுச்சு. கண் மூடி திறக்கறதுக்குள்ள கல்யாணம், விவாகரத்து ரெண்டும் முடிஞ்சிருச்சு.

பிஆர்எல்டிடிஒய்ங்கறது கண்ணு தெரியாதவங்க பயன்படுத்தற பிரெய்ல் டிஸ்ப்ளேக்கான புரோகிராம். ஏதோ ஒரு பிரெய்ல் மெஷின்லயும் இதே சிப், 7523ன்னு முடியிற இதே ஐடி, அதனால உபுண்டு 22.04 சிஹெச்340ஐப் பாத்தாலே நம்மாளுன்னு நெனச்சு இழுத்துக்குது. எங்க வீட்ல அது தேவையில்ல, நீக்கிட்டேன், அடுத்த நிமிஷம் டிடிஒய்யுஎஸ்பி0 நின்னுச்சு. தேவைப்படற வீடா இருந்தா நீக்காதீங்க, சொருகின சாமானை யார் எடுக்கணும்னு சொல்ற யூடெவ் ரூல்ல அந்த ஐடி வர்ற வரியை மட்டும் கமெண்ட் பண்ணிடுங்க. அதுக்கப்புறமும் பர்மிஷன் இல்லன்னு திட்டும், நம்ம யூசரை அந்த போர்ட்டைத் தொட அனுமதி இருக்கிற டயல்அவுட் குரூப்ல சேத்துட்டு லாக்அவுட் பண்ணி வரணும். நான் லாக்அவுட் பண்ணாம அரை மணி நேரம் முட்டிக்கிட்டேன்.

சென்சார் டிஎஸ்18பி20, வெப்பநிலை அளக்கறது. வீட்ல இருந்து பள்ளத்துக்கு 20 மீட்டர் பழைய லேன் கேபிள், புல்லு மட்டத்துல குச்சி நட்டு கட்டியாச்சு. முதல் ராத்திரியே அலாரம் அடிச்சுது, ஓடிப் போய் பாத்தா மைனஸ் 127 டிகிரி. "அண்டார்டிகாவே கருகிப் போயிருக்கும் மாப்ள"ன்னாரு மாமா. அந்த நம்பர் வந்தா சென்சார் பதில் சொல்லலைன்னு அர்த்தம், கேபிள் நீளம் அப்படி, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை 2.2க்கு மாத்தினதும் நின்னுச்சு. லேப்டாப் மூடியை அத்தை பழக்க தோஷத்துல சாத்திடுவாங்க, அது தூங்கிடும், அதனால லாகின்டிங்கற சிஸ்டம் செட்டிங்ல மூடி சாத்தினா கண்டுக்காதன்னு மாத்தி வச்சேன்.

டிசம்பர் ரெண்டாவது வாரத்துல புதுசா ஒண்ணு. அலாரம் சரியா அடிக்குது, மாமா எந்திரிச்சு மோட்டார் போடறாரு, போட்ட செகண்டே ரீடிங் நின்னு போகுது. டிமெஸ்க்ல ஒரு வரி, ஹப் போர்ட்டை அணைச்சிருச்சாம், பக்கத்துல பிராக்கெட்ல இஎம்ஐ, கூடவே ஒரு கேள்விக்குறி. நமக்கு இஎம்ஐன்னா மாசத் தவணைதானே, லேப்டாப்புக்கு தவணை பாக்கியான்னு ஒரு நிமிஷம் முழிச்சேன். மின்காந்த இடைஞ்சல். சென்சார் கேபிளை மோட்டார் வயர் போற அதே கம்பத்துலயே கட்டி கொண்டு போயிருந்தேன், மோட்டார் ஸ்டார்ட் ஆகற உதைப்பு அப்படியே ஆர்டுயினோ வழியா யூஎஸ்பிக்கு ஏறுது. கெர்னல் உடனே போர்ட்டை மறுபடி எழுப்பி விட்டுடுது, ஆனா என் ஸ்கிரிப்ட் பழைய டிடிஒய்யுஎஸ்பி0ஐ விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கிறதால திரும்பி வர்றது டிடிஒய்யுஎஸ்பி1னு வருது, ஸ்கிரிப்ட் செத்த பொணத்தைக் கட்டிக்கிட்டு காத்திட்டு இருக்கு. கேபிளை வேலி ஓரமா வேற வழியில கொண்டு போனேன், காட்டுமாடு மிதிக்காத மாதிரி கல்லு அடுக்கி வச்சேன். அப்புறம் பேரை நம்பறதில்லன்னு முடிவு பண்ணி, எந்த ஓட்டையில சொருகியிருக்குங்கறதை வச்சு வர்ற பை-பாத் முகவரியையே ஸ்கிரிப்ட்ல போட்டேன். சாமானோட அடையாளத்தை வச்சு வர்ற பை-ஐடியும் இருக்கு, ஆனா சிஹெச்340ல தனித்தனி சீரியல் நம்பர் கிடையாது, நாளைக்கு ரெண்டாவது நேனோ சொருகினா ரெண்டும் ஒரே பேர்ல வந்து நிக்கும்.

இதுக்கு நடுவுல ஒரு ராத்திரி மானம் போச்சு. அலாரம் சத்தம் ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்து மாமா ரூம்ல இருக்கிற பழைய ஸ்பீக்கருக்குப் போகும். ஞாயித்துக்கிழமை பசங்க படம் பாக்க ஹெச்டிஎம்ஐல டிவியை மாட்டினாங்க, பாத்துட்டு டிவியை ரிமோட்ல அணைச்சாங்க, கேபிளைக் கழட்டல. ஹெச்டிஎம்ஐ சொருகின உடனே சத்தம் தானா அந்தப் பக்கம் தாவிடுது, டிவி அணைஞ்சாலும் அது திரும்பி வரல. ராத்திரி 2.40க்கு 2.8 டிகிரி, லாக்ல அலாரம் அடிச்சேன்னு தெளிவா எழுதியிருக்கு. அடிச்சது அணைஞ்ச டிவிக்குள்ள. காலையில பள்ளம் வெள்ளையா கிடக்கு, மாமா ஒண்ணும் சொல்லல, டீயைக் குடிச்சுக்கிட்டே "உன் மிஷினு நேத்து நல்லா தூங்குச்சா மாப்ள"ன்னு மட்டும் கேட்டாரு. இப்ப ஸ்கிரிப்டே முதல்ல சவுண்ட் கார்டோட ப்ரொஃபைலை அனலாக்னு மாத்தி, வால்யூமை ஏத்தி, அப்புறம்தான் அடிக்கும்.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். வலது பக்கம் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் அதுக்கு ஒட்டினாப்புல வயர்லெஸ் மவுஸோட குட்டி டாங்கிளும் போட்டா மவுஸ் நொண்டும். இதுக்கும் லினக்ஸைத்தான் திட்டிட்டு இருந்தேன், பாத்தா யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்புதுன்னு 2012லயே இன்டெல் ஒரு பேப்பர் போட்டிருக்கு. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர்ல டாங்கிளைத் தள்ளி வச்சேன், போச்சு.

இப்ப ஜனவரி பாதி. எட்டுல ஏழு முழுசா வேலை செய்யுது, டைப் சியை டேட்டாவுக்குன்னு சேத்துக்கிட்டா அதையும் சேத்துதான் ஏழு, பச்சை பூத்தது மட்டும் பாதி. ஆனா அந்தப் பாதிதான் மாமா கிழங்குக்கு காவல், பை-பாத்துல அந்த ஓட்டையோட முகவரிதான் எழுதியிருக்கு, மாத்தி சொருகினா ஸ்கிரிப்ட் கண்டுக்காது. அதனால அத்தையோட சிவப்பு நெயில் பாலிஷ்ல அதுக்கு மேல ஒரு பொட்டு வச்சேன், யாரும் தொடக்கூடாதுன்னு. நேத்து சாயங்காலம் வந்து பாத்தா நேனோவைக் கழட்டி வச்சுட்டு அதுல அத்தையோட போன் சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு. கேட்டா, "பொட்டு வச்சிருந்துச்சே, அதான் நல்ல ஓட்டைன்னு நெனச்சேன்"ங்கறாங்க.