யானை தூங்குமா ஐயா?

போன வருடம் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வாசிப்பு நேரத்துக்காகப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நாவலைக் கொடுத்தேன். ஒரு நாதஸ்வரக்காரரின் கதை, சங்கீதம் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்யும் என்பதுதான் முழுப் புத்தகமும். (பேரைச் சொல்ல மாட்டேன். இந்த வருடப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், பேர் கிடைத்தால் போதும், யூடியூபில் கதைச் சுருக்கம் பார்த்துவிட்டு வந்து நிற்பார்கள்.) படிக்க ஆரம்பிக்கும் முன் ஆலாபனை, பல்லவி, ஒத்து, சீவாளி, தவில் என்று ஒரு பக்கம் முழுக்கச் சொல்லும் பொருளும் எழுதிக் கொடுத்தேன். மனப்பாடமே செய்துவிட்டார்கள். நாற்பதாவது பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. "ஐயா, இது பரீட்சைக்கு வருமா?" என்று ஒருத்தி கேட்டபோதுதான் உறைத்தது, நான் நாவலையும் இன்னொரு பாடமாக்கிவிட்டேன்.

இந்த வருடம் அந்தத் தாளை எடுக்கவே இல்லை. எங்கள் பள்ளி தேன்கனிக்கோட்டைப் பக்கம். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், பலர் வீட்டில் ராகி வெள்ளாமை. கதிர் பிடிக்கிற காலம் வந்தால் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கும், பையன்கள் ராத்திரி காவலுக்குப் போய்விட்டு முதல் பீரியடில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அகநானூற்றின் 102ஆம் பாட்டை எடுத்தேன்.

தினைப்புனம். காவல்காரன் பரணில் குடித்துவிட்டுக் கிடக்கிறான். அங்கே ஒரு பெண் கூந்தலைக் கோதிக்கொண்டே குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை மேய வந்த யானை கதிரையும் தின்னவில்லை, நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை, அப்படியே தூங்கிப்போகிறது. பாட்டில் கதிருக்கு வரும் சொல் 'குரல்'. தினைக்கதிருக்கும் குரல் என்றுதான் பேர். பாடுகிற குரலைக் கேட்டுத் தின்ன வேண்டிய குரலை விட்டுவிட்டது என்று நானாக ஒரு நயம் சேர்த்துச் சொல்லிவிட்டு, கைதட்டல் வரும் என்று நின்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "ஐயா, தகரத்த தட்டினாலே போக மாட்டேங்குது, வெடி போட்டா திரும்பி முறைக்குது. பாட்டுக்கா தூங்கும்?"

வகுப்பே இரண்டாகிவிட்டது. யானைக்குக் காது பெரிசு, அதனால் கேட்கும் என்றான் ஒருவன். அது என்ன பாட்டு என்று தெரிந்தால் நாமும் போட்டுப் பார்க்கலாம் என்றான் இன்னொருவன். அப்போது ஒரு பெண், பொதுவாக வாயே திறக்காதவள், மெதுவாகச் சொன்னாள்: "எங்க அப்பா பரண்ல ராத்திரி பூரா பாடுவாருங்க ஐயா, கன்னடத்துல. யானைக்கு இல்ல, அவருக்குத் தூக்கம் வந்துடக் கூடாதுன்னு."

எனக்கு அடுத்துப் பேச ஒன்றும் வரவில்லை. பாட்டில் காவல்காரன் கிடக்கிறான், பாடுகிறவள் யானையைத் தூங்க வைக்கிறாள். இங்கே காவல்காரரே பாடித் தன்னை விழிக்க வைத்துக்கொள்கிறார். அந்த மணி நேரம் முழுக்க நாங்கள் அதையேதான் பேசினோம்.

இதற்கு முன் வேறு இரண்டு பாட்டுகளையும் யோசித்து வைத்திருந்தேன். பாலை யாழைக் கேட்ட வழிப்பறிக் கள்வர்கள் கையிலிருந்த ஆயுதத்தைப் போட்டுவிடுவதாகப் பொருநராற்றுப்படை சொல்கிறது. போரில் புண்பட்டவன் பிழைக்க வேண்டும் என்று யாழும் மணியும் ஒலிக்க, காஞ்சிப் பண் பாடும் பெண்களை அரிசில்கிழார் புறநானூறு 281இல் காட்டுகிறார். அருமையான பாட்டுகள்தான். ஆனால் அவற்றுக்குப் பிள்ளைகள் "ஆமாங்கையா" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். யானை விஷயத்தில் அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும், அதனால் சண்டைக்கு வந்தார்கள்.

சரி, வீட்டுப்பாடம். 'இசையின் சிறப்பு' என்று கட்டுரை கேட்டால் எல்லோரும் ஒரே கட்டுரைதான் எழுதுவார்கள். அதனால், ஏதாவது ஒரு சத்தத்தைக் கேட்டு யாராவது செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினார்களா, அதை மட்டும் நாலு வரி எழுதி வா என்றேன். ஒரு பாட்டிக்குத் தூரத்தில் சாவு மேளம் கேட்டால் சோற்றுத் தட்டு அப்படியே நின்றுவிடுமாம், யார் என்று தெரிகிறவரைக்கும். ஒரு வீட்டில் தாலாட்டில் தம்பி தூங்கவில்லை, ஆயாதான் தூங்கிப்போனார். கோயிலில் அடிக்கும் பம்பை மேளத்தைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம், அங்காளம்மன் மயானக்கொள்ளைத் திருவிழாவில் பம்பைச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன். அம்மனை அழைக்கிற வர்ணிப்புப் பாட்டைப் பாடப் பாட அதுவரை சும்மா நின்றிருந்த எங்கள் அத்தைக்கு உடம்பு நடுங்கத் தொடங்கி, குரல் மாறி, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத அந்த நிமிடத்தை நானும் வகுப்பில் சொன்னேன். பயமாக இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது.

அப்புறம்தான் நாதஸ்வரம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ராகத்தை என் கைப்பேசியில் ஒரு சின்ன ஸ்பீக்கரை இணைத்துப் போட்டேன். முதல் இரண்டு நிமிடம் "கல்யாண வீடு" என்று சிரித்தார்கள். நான் எதையும் விளக்கவில்லை, தோடியை எனக்கே விளக்கத் தெரியாது. ஒரு மேளக்காரரிடம் கேட்டு வாங்கி வந்த பழைய சீவாளியைக் கை மாற்றிவிட்டேன். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற இடத்தில் செருகுவது, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு நாணல் துண்டு. இதிலிருந்தா இவ்வளவு சத்தம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், ஒருவன் ஊதியும் பார்த்தான், வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பு அடங்கினபோது ஆலாபனை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை முதல் அத்தியாயம். எட்டுப் பிரதி, முப்பத்திரண்டு பேர், நாலு பேருக்கு ஒரு புத்தகம். நேற்று மாலை சைக்கிளை எடுக்கும்போது அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் வந்து, "ஐயா, அந்த நாதஸ்வரத்த எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பரண்ல போட்டுப் பாக்கறேன்" என்றான்.

அனுப்புகிறேன், ஆனால் வீட்டில் கேள், பரணில் தகரத்தையே தட்டு என்றேன்.